இரண்டு பேருக்கான அளவு: புதுக் குடித்தனத்தின் முதல் சில மாதங்கள்

கல்யாணமாகி வேலை நிமித்தமாகச் சென்னைக்கோ கோவைக்கோ தனிக்குடித்தனம் வருபவர்கள் முதல் மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் சமைக்கத் தெரியாததால் அல்ல. இரண்டு பேருக்கு எவ்வளவு என்று தெரியாததால்தான். அம்மாவிடம் கேட்ட சாம்பார் ஆறு பேருக்கானது, சீராக வந்த குக்கர் பத்து லிட்டர், மளிகைச் சீட்டு கூட்டுக் குடும்பத்துக்கு எழுதியது. மிச்சமாவது குப்பைக்குப் போகும், மறுநாள் ஓட்டலில் வரவழைப்போம், மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அளவு கைக்கு வந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். மிஞ்சும் நேரம் உங்கள் இருவருக்கும்தான்.

சீர்ப் பாத்திரங்களை எல்லாம் பிரிக்காதீர்கள்

பித்தளை அண்டா, பெரிய குக்கர், ஐம்பது தட்டு, ஆறு குத்துவிளக்கு எல்லாம் பரணுக்கே போகட்டும். கீழே இருக்க வேண்டியவை மிகக் குறைவு: ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு பாத்திரங்கள், இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, தோசைக்கல், சப்பாத்திக்கல் தனித்தனியாக (ஒரே கல்லில் இரண்டும் போட்டால் தோசை ஒட்டும்), ஒரு வாணலி, பால் பாத்திரம், இட்லித் தட்டு, மிக்ஸி, அஞ்சறைப் பெட்டி, காபி ஃபில்டர். ஒரே மாதிரி இரண்டு குக்கர் சீராக வந்திருந்தால், பெட்டியைப் பிரிக்காமல் ரசீதோடு கடைக்குக் கொண்டுபோய்ச் சின்னதாக மாற்றிக்கொள்ளப் பாருங்கள். பெயர் பொறித்த பாத்திரத்தை மட்டும் கடையில் வாங்க மாட்டார்கள்.

குக்கர் கேஸ்கெட் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவசரத்துக்குப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் அன்றைய சமையல் நடந்துவிடும். ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான்.

வீடு பார்க்கும்போதே தண்ணீரைக் கேளுங்கள்

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். குழாயில் வருவது போர் தண்ணீரா, மாநகராட்சித் தண்ணீரா என்று கேட்க மறந்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது, காபியும் துவர்க்கும். உங்கள் சமையல் மேல் குற்றமில்லை, தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் காரணம். அப்படிப்பட்ட வீடென்றால் பருப்பு, காபி, தயிர் சாதத்துக்கு மட்டுமாவது கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே கேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிலிண்டர் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: சீல் உடையாமல் இருக்கிறதா, 14.2 கிலோ கேஸும், சிலிண்டர் மேல் எழுதியிருக்கும் வெற்று எடையும் சேர்ந்து தராசில் சரியாக வருகிறதா. கைப்பிடித் தகட்டின் உட்புறம் உள்ள எழுத்தும் எண்ணும் என்ன. ‘பி 28’ என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ரப்பர் குழாய்க்கு ஆயுள் ஐந்து வருடம். பழைய அடுப்போடு வந்த குழாயை நம்ப வேண்டாம். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். இருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சமைப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

காலைக் காபி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் நேரம் காலையில் அந்தப் பத்து நிமிடம்தான்.

இரண்டு பேருக்கான சின்ன ஃபில்டர் வாங்குங்கள். பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகத் தூள் போட்டால் அது மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். டிகாஷன் நீர்த்துப் போகும். தூள் 20 கிராம், அதாவது குவித்து மூன்று மேசைக்கரண்டி. பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் காபிக்கொட்டையும் பாதிக்குப் பாதி, அதில் சிக்கரி இருபது சதவீதம் என்பது பலருக்கும் பிடிக்கும் கலவை. சிக்கரி கூடினால் நிறமும் கெட்டியும் வரும், மணம் குறையும். கடைக்காரரிடம் ‘ஃபில்டருக்கு’ என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். மிக நைசாக அரைத்த தூள் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தினம் 20 கிராம் என்றால் வாரத்துக்கு 140 கிராம். எனவே 200 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் குறையும். மாலையும் காபிதான் என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமமாக்குங்கள். அமுக்குத் தட்டை மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். தண்ணீர் 120 மில்லி. தளதளவென்று கொதித்ததும் இறக்கி, நடுவில் கொட்டாமல் தட்டின் மேல் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். தூள் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்வதால் கையில் கிடைப்பது சுமார் 80 மில்லி. ஆளுக்கு 40 மில்லி டிகாஷன், 110 மில்லி பால்.

அரை மணி ஆகியும் சொட்டவில்லையா? தூளை அழுத்திவிட்டீர்கள், அல்லது ஓட்டைகள் அடைந்திருக்கின்றன. ஸ்பூனால் மேல்தூளை லேசாகக் கிளறிவிட்டால் அன்றைக்கு இறங்கும். மாதம் ஒருமுறை, எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் ஓரிரு நிமிடம் காட்டினால் ஓட்டைக்குள் இருக்கும் பழைய தூள் கருகி உதிரும். ஆறிய பிறகு ஊசியால் குத்திக் கழுவிவிடுங்கள். டிகாஷன் தண்ணீராக ஓடினால் தூள் குறைவு அல்லது தண்ணீர் கொதிக்கவில்லை. எது நடந்தாலும் டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள், கசந்துவிடும். சூடு பாலில் இருக்க வேண்டும்.

பாலில் ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காபிக்கு ஆரஞ்சு அருமை. தயிருக்கும் அதுவே கெட்டியாக உறையும். ஒரு நாளைக்கு அரை லிட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் தயிருக்கு இன்னொரு அரை லிட்டர் என்பது இரண்டு பேருக்குப் போதுமான கணக்கு. விரல் பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் உறைமோர். சூடாக இருக்கும்போது விட்டால் திரிந்து தண்ணீர் பிரியும். முழுக்க ஆறியபின் விட்டால் காலை வரை பாலாகவே இருக்கும்.

முதல் நாள் இரவே ஃபில்டரில் தூளைப் போட்டு மூடி வைத்துவிட்டால் காலையில் எழுபவர் யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் வேலை. அது தினமும் ஒரே ஆள் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து வரும்போது டம்ளர் தயாராக இருப்பது வாரத்தில் சில நாளாவது இருவருக்கும் கிடைக்க வேண்டிய சுகம்.

சாதமும் சாம்பாரும்

இங்கே டம்ளர் என்பது 200 மில்லி. மதியத்துக்கு ஒரு டம்ளர் பொன்னி அரிசி இரண்டு பேருக்குச் சரி. புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், பச்சரிசிக்கு இரண்டரை. புது அரிசி என்றால் அரை டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழையும். பழைய அரிசி அதிகத் தண்ணீர் கேட்கும். புது மூட்டை பிரிக்கும் முதல் நாள் அளவு தவறுவது இதனால்தான்.

சாம்பாருக்குத் துவரம் பருப்பு கால் டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர், மஞ்சள் தூள் சிட்டிகை, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் (நுரை பொங்காமல் இருக்க). சாதத்தோடு மேல் பாத்திரத்தில் வைத்தால் ஐந்து விசிலில் வெந்துவிடும். குக்கர் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம். வற்றினால் குக்கர் தீய்ந்து சேஃப்டி வால்வு போய்விடும். புளி ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுதான். எலுமிச்சை அளவு என்று அம்மா சொல்வது ஐந்தாறு பேருக்கு.

வரிசை முக்கியம். காயை முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டுப் பிறகு புளிக்கரைசல் ஊற்றுங்கள். புளி சேர்ந்துவிட்டால் அதன்பின் காய் வேக மறுக்கும். சாம்பார்ப் பொடி இரண்டு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். பொடியின் பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடம் கொதிக்க வேண்டும். மசித்த பருப்பைக் கடைசியில் விட்டு ஒரே கொதியில் இறக்கிவிடுங்கள். நீர்த்துவிட்டால் ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து விடலாம். ரசத்தைக் கொதிக்கவே விடக்கூடாது. நுரை கட்டி விளிம்புக்கு வரும்போது இறக்கித் தாளித்தால் போதும்.

இந்தச் சாம்பார் மதியத்துக்கும் இரவு தோசைக்கும் சரியாக வரும், மறுநாளுக்கு மிஞ்சாது. புதுக் குடித்தனத்தில் தினமும் பொரியல், கூட்டு, அப்பளம், ரசம் என்று இலைபோட்டுச் சமைக்கப் பார்ப்பது ஆசையால் வருவது. இரண்டாவது வாரத்திலேயே அலுத்துவிடும். வேலை நாளில் ஒரு குழம்பு, ஒரு காய், தயிர். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

மாவு

வீட்டில் மாவு இருந்தால் அந்த வாரம் நிம்மதி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அவ்வளவு பெயர் பெற்ற பொருள். ஆனால் அரை டம்ளர் உளுந்தை இரண்டு லிட்டர் கிரைண்டரில் போட்டால் அது கல்லில் ஏறாமல் ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கிரைண்டர் என்றால் நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போட்டு, பொங்கியதும் பாதியை உடனே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். கொஞ்சமாக வேண்டுமென்றால் மிக்ஸிதான் சரி. மிக்ஸியில் உளுந்து அவ்வளவு உபரியாகாது, எனவே ஒன்றரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து.

தோல் நீக்கிய முழு உளுந்தாக வாங்குங்கள். உடைத்த உளுந்தும், நாள்பட்ட உளுந்தும் அவ்வளவாகப் பொங்காது. அரிசி நான்கு மணி நேரம், உளுந்தும் அரை டீஸ்பூன் வெந்தயமும் தனியாக ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். உளுந்துக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் சரிந்துவிடும். மிக்ஸி சூடானால் மாவும் சூடாகிப் புளிப்பு முந்திக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் தெளித்து, இடையில் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள், மிதந்தால் உளுந்து பதம். அரிசி மெல்லிய ரவைப் பதத்தில் இருக்கட்டும்.

உப்புப் போட்டு இரண்டையும் கையாலேயே கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், இரவில் வழிந்து மேடை முழுக்க ஓடும். சென்னை மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும், அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வையுங்கள். பொங்கிய மாவு மேலே லேசாகக் குமிழ்ந்து நிற்கும். கரண்டியை விட்டால் உள்ளே சின்னச் சின்னத் துளைகளோடு பஞ்சாக விலகும். இட்லிக்கு அடிவரை கலக்காமல் மேலிருந்து எடுத்து ஊற்றுங்கள். பத்து நிமிடம் ஆவி, இறக்கி இரண்டு நிமிடம் பொறுத்து எடுத்தால் துணியிலோ தட்டிலோ ஒட்டாது.

இட்லி கல்லாக வந்தால் உளுந்து குறைவு அல்லது மாவு கெட்டி. தட்டையாகப் பிசுபிசுவென்று வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, நான்காம் நாள் சின்ன வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது பணியாரம். இந்த வரிசையில் போனால் ஒரு பிடி மாவும் வீணாகாது.

மளிகையும் காயும்

இப்படிச் சமைத்தால் மாதத்துக்குப் பொன்னி அரிசி 6 கிலோ, இட்லி அரிசி 3 கிலோ, உளுந்து 1 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, சர்க்கரை 1 கிலோ, புளி கால் கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர். முதல் மாதம் இதை வாங்கி, மாதக் கடைசியில் எது மிஞ்சியது என்று பார்த்து இரண்டாம் மாதச் சீட்டைத் திருத்துங்கள். 25 கிலோ சிப்பம் விலை மலிவுதான், ஆனால் இரண்டு பேர் சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டு வந்துவிடும். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள்.

காய்க்கு, 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் இருவரும் சேர்ந்து போய் வருவது செலவில்லாத உலா. எதையும் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். பூசணியும் சேனையும் கீற்றாகக் கேட்டால் வெட்டித் தருவார்கள். கீரை அன்றைக்குச் சமைப்பதாக இருந்தால் மட்டும்.

திரும்பி வரும் வழியில் ஒரு முழம் மல்லி. மொட்டாக இருக்கும்போதே வாங்கி, நனைக்காமல் வாழையிலைத் துண்டில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மாலை வரை மொட்டாகவே இருக்கும். தண்ணீர் தெளித்தால் கறுத்துவிடும். கோடையில் மல்லி மலிவு. மார்கழி, தையில் பனியால் வரத்து குறைந்து விலை ஏறும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். அப்போதெல்லாம் கனகாம்பரம், ஜாதிமல்லி, முல்லை என்று கிடைப்பதை வாங்குங்கள். பூ வாங்கி வருவது ஆண்பிள்ளை வேலை என்று ஒரு வழக்கம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல வழக்கம்தான்.

வேலையைப் பிரிப்பது

‘உதவி செய்கிறேன்’ என்று ஆரம்பித்தால் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடும். வேலையை முழுசாக ஒப்படைத்துக்கொள்ளுங்கள். துணி என்றால் ஊறவைப்பது, துவைப்பது, காயப்போடுவது, மடித்து அலமாரியில் வைப்பது, சோப்புத் தூள் தீர்ந்தால் வாங்குவது எல்லாம் ஒருவருடையது. சமைத்தவர் பாத்திரம் தேய்க்க வேண்டாம். கேஸ் புக்கிங், கரண்டு பில், குப்பை போன்றவை கண்ணுக்குத் தெரியாத வேலைகள். அவற்றையும் பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால் ஏசி உள்ள வீட்டில் பாதியில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். பணத்தில், இருவரும் வீட்டுச் செலவுக்கு ஒரு பொதுக் கணக்கில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு தொகையைக் கணக்குக் கேட்காத கைச்செலவாக வைத்துக்கொள்வது சச்சரவைக் குறைக்கும்.

காகித வேலைகள்

கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த கல்யாணத்தையும் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். அழைப்பிதழ் இரண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தனி ரேஷன் கார்டு வேண்டுமென்றால் முதலில் இருவர் பெயரையும் அவரவர் பெற்றோர் கார்டிலிருந்து நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

விருந்து, ஆடி, தலைதீபாவளி

கல்யாணம் முடிந்த கையோடு உறவினர் வீட்டு விருந்து வரிசைகட்டும். எல்லாருக்கும் ‘வருகிறோம்’ என்று சொல்லலாம், ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை இருவருக்கென்று ஒதுக்கிவிட்டுத் தேதி கொடுங்கள். ஆடியில் பெண்ணை அழைத்துப்போகும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா, எத்தனை நாள் என்பதை ஆனி மாதமே இரு வீட்டாரிடமும் பேசி, அலுவலக விடுப்போடு பொருத்திக்கொள்ளுங்கள்.

தலைதீபாவளி பெண் வீட்டில். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, காலை எட்டு மணிக்கு இருவரும் தனித்தனிக் கைபேசியில் உட்காருங்கள். போவதைவிடத் திரும்பும் டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம், அதை முதலில் எடுங்கள். கிளம்பும் முந்தின நாள் மாவை தோசையாக்கித் தீர்த்து, பால் போடுபவரிடம் எத்தனை நாள் வேண்டாம் என்று சொல்லி, தயிரில் ஒரு ஸ்பூனை மட்டும் சின்னக் கிண்ணத்தில் உறைமோருக்காக ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபில்டரைக் கழுவிக் கவிழ்த்து, ரெகுலேட்டரை மூடி, மோட்டார் போடும் பொறுப்பை எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள்.